போதகர் பெத்தாங்க் ஆடினால் என்ன?



போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை, வாசலில் மூன்று பேர் நின்றார்கள். எங்கள் சபைக்காரர்கள்தான். உட்காரச் சொன்னேன். காபி குடித்தார்கள், மழை இல்லாததைப் பற்றிப் பேசினார்கள். பிறகு ஒருவர் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"சார், மனு எழுத இந்த ஊர்ல உங்களை விட்டா ஆள் இல்ல. பாயிண்ட் எல்லாம் நாங்களே குறிச்சு வச்சிருக்கோம். நீங்க கொஞ்சம் ஒழுங்குபண்ணிக் குடுத்தாப் போதும்."

படித்துப் பார்த்தேன். புதிதாக வந்திருக்கும் இளம் போதகரைப் பற்றிய புகார். மாலை நேரத்தில் பள்ளிக்கூட மைதானத்தில் வாலிபப் பையன்களோடு ஷட்டில் ஆடுகிறார். அப்போது அரைக்கால் சட்டை போட்டுக்கொள்கிறார். மனைவியை பைக்கில் ஏற்றிக்கொண்டு சினிமாவுக்குப் போனார். கைபேசியில் செஸ் ஆடுகிறார். கடைசியாக, கல்யாணத்தைப் பற்றிப் 'தேவையில்லாத' பிரசங்கங்கள் செய்கிறார்.

தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தேன். "என்னால் முடியாது" என்றேன். ஏன் என்று கேட்டார்கள். வாயால் சொன்னால் சண்டையாகிவிடும், எழுதுகிறேன் என்றேன். அதுதான் இது. அவர்களில் இரண்டு பேர் இந்த வலைப்பூவைப் படிப்பவர்கள்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். பிறப்பால் கத்தோலிக்கன். தரங்கம்பாடிப் பக்கத்து லுத்தரன் குடும்பத்தில் பெண் எடுத்து, மனைவியின் சபைக்கே மாறிவிட்டேன். கணக்கும் கடிதமும் எழுதத் தெரிந்தவன் என்பதால் பல வருடம் சபைக் கமிட்டியில் உட்கார வைத்தார்கள். 'பொருள்', 'பார்வை', 'மேற்படி', 'தங்கள் கனிவான கவனத்திற்கு' என்று எழுதியே ஆயுளின் பாதி கழிந்தது.

அந்தக் கையால் 2003ஆம் ஆண்டில் ஒரு போதகருக்கு எதிராக மனு எழுதினேன். இன்று எழுத மறுத்ததற்குக் காரணம் அதுதான்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். எங்கள் சபைகளில் போதகரை 'ஐயர்' என்போம். அவர் மனைவி 'ஐயரம்மா'. அவர்கள் குடியிருக்கும் வீடு 'குருமனை'. சாதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சீகன்பால்க் காலத்திலிருந்து வரும் மரியாதைச் சொல்.

அந்த ஐயருக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். அவருடைய ஒரு நாளைச் சொல்கிறேன். கமிட்டிக்காரன் என்ற முறையில் கண்ணால் பார்த்தது. விடிவதற்கு முன் எழுந்து படிப்பார். ஏழு மணிக்குக் குருமனை வாசலில் ஆட்கள் நிற்பார்கள். பிள்ளைக்குப் பள்ளிக்கூட இடம் கேட்டுக் கடிதம், முதியோர் பென்ஷனுக்குக் கையெழுத்து, ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர்த் திருத்தம். பிறகு சைக்கிளில் ஆஸ்பத்திரி. மத்தியானம் எங்காவது துக்க வீடு. நான்கு கிராமச் சபைகள் அவர் பொறுப்பில் இருந்தன. ஒன்றில் கூரை ஒழுகும், ஒன்றில் உபதேசியாருக்குச் சம்பளம் நின்றிருக்கும். இரவு ஒன்பது மணிக்கு மேல் குடித்துவிட்டு மனைவியை அடித்தவன் வீட்டிலிருந்து ஆள் வரும். எழுந்து போவார். ஞாயிறு மூன்று இடத்தில் ஆராதனை.

நடுவில் ஒன்றரை மணி நேரம் மட்டும் தனக்கு வைத்துக்கொண்டிருந்தார். மாலை ஐந்திலிருந்து ஆறரை. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தாக்கள் நான்கைந்து பேர் வேப்பமரத்தடியில் பெத்தாங்க் ஆடுவார்கள். தெரியாதவர்களுக்கு: முக்கால் கிலோ எடையுள்ள இரும்புக் குண்டை, இரண்டு காலையும் சேர்த்து வைத்து நின்று, தூரத்தில் கிடக்கும் சிறிய மரக்குண்டுக்கு அருகில் விழும்படி எறிய வேண்டும். அந்த மரக்குண்டுக்குப் பிரெஞ்சில் 'பன்றிக்குட்டி' என்று பெயர். தென் பிரான்சிலிருந்து வந்த ஆட்டம். பணம் வைத்து ஆடுவதில்லை. நம் ஐயர் அதைக் கற்றுக்கொண்டு அவர்களோடு ஆடினார். சில சனிக்கிழமைகளில் ஆற்று முகத்துவாரத்தில் தூண்டில் போடுவார். திங்கட்கிழமை மாலையில் ஐயரம்மாவை அழைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போவார். எப்போதாவது சினிமா.

இதைத்தான் ஏழு பத்தியில் குற்றமாக எழுதினேன். 'திருச்சபையின் மாண்பிற்குக் குந்தகம் விளைவிக்கும் வகையில் மது அருந்துவோருடன் குண்டு விளையாடி வருவதும்' என்று ஒரு வரி. எழுதும்போது அந்த வரி எனக்கே பிடித்திருந்தது.

இப்போது என் மனுவுக்கு நானே பதில் எழுதுகிறேன். இருபது வருடம் தாமதம்.

மேய்ப்பருக்குப் பொழுதுபோக்கு எதற்கு என்று எழுதினேன். பாஸ்டர் என்ற சொல்லுக்கு மேய்ப்பர் என்றுதான் அர்த்தம். பிரெஞ்சில் 'பஸ்த்தேர்'. நாய்க்கடி ஊசி கண்டுபிடித்த லூயி பஸ்த்தேரின் பெயரும் அதே சொல்தான். பள்ளியில் நாங்கள் அவரை ஒரு போதகர் என்றே கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தோம். நம் ஊரில் ஆடு மேய்ப்பவனைப் பாருங்கள். மர நிழலில் உட்காருவான், புல்லாங்குழல் ஊதுவான், பக்கத்துக் கிடைக்காரனோடு ஆடுபுலி ஆடுவான். மந்தை மேய்ந்துகொண்டுதான் இருக்கும். மேய்ப்பன் என்றால் இருபத்துநாலு மணி நேரமும் கோலைப் பிடித்து நிற்பவன் என்று நமக்கு யார் சொன்னது?

லுத்தரன் சபை என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிறோம். அந்த லுத்தர் எப்படி வாழ்ந்தார்? 1525ஆம் ஆண்டு ஜூன் மாதம், தன் நாற்பத்தொன்றாவது வயதில், கன்னிமடத்தை விட்டு வெளியேறிய கத்தரீனாவை மணந்தார். ஆறு பிள்ளைகள். வீணை போன்ற லூட் வாசிப்பார். தோட்டம் போட்டார், ஊர் விட்டு ஊர் கடிதம் எழுதி விதை வாங்கினார். 1527இல் மரம் கடைவதற்கான கருவிகள் கேட்டு நியூரம்பெர்க் நண்பருக்கு எழுதினார். சதுரங்கம் ஆடுவார். வீட்டு மேசையில் மாணவர்களும் விருந்தாளிகளும் சுற்றி உட்கார, அந்த அம்மா தன் கையால் காய்ச்சிய பீரைக் குடித்துக்கொண்டு பேசிய பேச்சைத்தான் புத்தகமாகவே போட்டு வைத்திருக்கிறார்கள். நம் கமிட்டி அன்று விட்டன்பர்க்கில் இருந்திருந்தால் லுத்தரை எந்தக் கிராமத்துக்கு மாற்றியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"சீகன்பால்க் ஐயர் குண்டு ஆடினாரா?" என்று அந்த மூவரில் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கியவர். தன் நாள் எப்படிக் கழிகிறது என்று மணிக்கணக்குப் போட்டே ஊருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். காலை முழுவதும் வயதான தமிழ்ப் புலவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தமிழ் ஏடுகள் படிப்பார். அதில் கிறிஸ்தவ வேதம் மட்டும் இல்லை, நம் ஊர்க் கதைகளும் நீதி நூல்களும் உண்டு. கிடைத்த ஏடுகளுக்கெல்லாம் பட்டியல் எழுதினார். தென்னிந்தியக் கடவுளரின் வரலாற்றை 1713இல் எழுதி ஜெர்மனிக்கு அனுப்பினார். அங்கே இருந்த பெரியவர்களுக்கு அது பிடிக்கவில்லை. அஞ்ஞானத்தை ஒழிக்கப் போனவர் அதை ஐரோப்பாவில் பரப்புவதா என்று அச்சிடாமல் வைத்துவிட்டார்கள். 1867இல்தான் அந்தப் புத்தகம் சென்னையில் வெளிவந்தது. அன்று வேண்டாத வேலை என்று ஒதுக்கியதை இன்று பல்கலைக்கழகங்களில் வைத்துப் படிக்கிறார்கள்.

அவர் 1719 பிப்ரவரியில் இறந்தபோது வயது முப்பத்தாறு. மரியா டொரத்தேயாவோடு வாழ்ந்தது மூன்று வருடம்தான். கடைசிக் காலத்தில் ஐரோப்பாவில் இருந்த மிஷன் சங்கத்திடமிருந்து வந்த கண்டனக் கடிதங்கள் அவரை மிகவும் வருத்தின என்று வரலாறு சொல்கிறது. கல்லறை புது எருசலேம் ஆலயத்துக்குள் இருக்கிறது. வருடா வருடம் போய் மாலை போடுகிறோம். ஓய்வில்லாமல் உழைத்துச் செத்தவருக்கு மாலை, உயிரோடு இருந்து ஒரு மணி நேரம் விளையாடுகிறவருக்கு மனு. இது என்ன நியாயம்?

நான் அரசு ஊழியன். தற்செயல் விடுப்பு, ஈட்டிய விடுப்பு, மருத்துவ விடுப்பு எல்லாம் கணக்குப் பார்த்து எடுத்தவன். மாலை ஆனதும் கோப்பைக் கட்டி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தவன். வந்து சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து வானொலி கேட்டவன். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. ஏழாம் நாள் ஓய்ந்திரு என்பது பத்துக் கட்டளையில் ஒன்று. அந்த ஓய்வு நாளில்தான் போதகருக்கு வேலை அதிகம். அவருக்கு எந்த நாள் ஓய்வு நாள் என்று நம்மில் ஒருவராவது கேட்டோமா?

இனி உண்மையான விஷயத்துக்கு வருகிறேன். மனுவில் இல்லாத எட்டாவது பத்தி.

2003இல் அந்த ஐயர் தொடர்ந்து மூன்று ஞாயிறு திருமணத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். மூன்று ஞாயிறும் கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கப்பட்டுக்கொண்டிருந்த சமயம். முதல் ஞாயிறு கானாவூர்க் கல்யாணத்தை எடுத்துக்கொண்டார். இயேசு செய்த முதல் அற்புதம் கல்யாண வீட்டில்தான், விருந்து குறைந்துவிடக்கூடாது என்பதற்காக. ஆகவே சந்தோஷமாக இருப்பது பாவமில்லை என்றார். எல்லோரும் தலையாட்டினோம்.

இரண்டாவது ஞாயிறு தன் வீட்டைப் பற்றியே பேசினார். ஆறு வருடம் ஊழியம் ஊழியம் என்று அலைந்தபோது ஒருநாள் ஐயரம்மா கேட்டாராம்: "ஊர்ல எல்லார் வீட்டுக்கும் போறீங்க. நம்ம வீட்டுக்கு எப்ப வருவீங்க?" அன்றிலிருந்துதான் திங்கட்கிழமை மாலையை மனைவிக்கு ஒதுக்கியதாகச் சொன்னார். பெண்கள் பக்கம் ஒரே அமைதி. ஆண்கள் பக்கம் சிலர் இருமினோம்.

மூன்றாவது ஞாயிறு வரதட்சணை. அவர் சத்தம் போடவில்லை. மகனுக்கு விலை பேசியவன் மகனை விற்றுவிட்டான், விற்ற பொருளை வீட்டிலேயே வைத்துக்கொண்டு என் மகன் என்று சொல்வது எப்படி என்று கேட்டார். பவுன் பேசி முடித்த கல்யாணத்தை நடத்திவைக்கும்போது தனக்குக் கை கூசுகிறது என்றார். பெயர் எதையும் சொல்லவில்லை. ஆனால் அந்த மாதம் யார் யார் வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்தது என்று கோயிலில் எல்லோருக்கும் தெரியும்.

அதில் ஒரு வீடு என் வீடு.

என் மகனுக்குப் பெண் பார்த்திருந்தோம். நாற்பது பவுன் கேட்டிருந்தேன். கேட்டது என் மனைவி இல்லை, உறவினர்கள் இல்லை, நான்தான். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இலேயே வந்துவிட்டது. வாங்குவதும் குற்றம், கொடுப்பதும் குற்றம். அரசு ஊழியர் நடத்தை விதிகளில் 13ஏ என்று தனி விதியே உண்டு. அந்த விதியைப் பற்றிய சுற்றறிக்கையை அலுவலகம் முழுவதும் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கியவனும் நான்தான். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

பிரசங்கம் சுட்டது. பிரசங்கத்தைப் பற்றி மனு எழுத முடியுமா? வரதட்சணைக்கு எதிராகப் பேசுகிறார் என்று எந்த முகத்தோடு எழுதுவது? அதனால்தான் இரும்புக் குண்டையும் தூண்டிலையும் சினிமா டிக்கெட்டையும் பிடித்துக்கொண்டோம். இன்றைக்கு என்னிடம் வந்த தாளிலும் ஷட்டில் முதல் பாயிண்ட், கல்யாணப் பிரசங்கம் கடைசிப் பாயிண்ட். அந்த வரிசை எனக்கு நன்றாகத் தெரிந்த வரிசை. வரைவு எழுதிப் பழகியவன் எப்போதும் உண்மையான காரணத்தைக் கடைசியில்தான் வைப்பான், அல்லது விட்டுவிடுவான்.

மனு போனது. வழக்கமாக முடிய வேண்டிய காலத்துக்கு முன்பே, மே மாதத்தில் ஐயருக்கு மாற்றல் வந்தது. போவதற்கு முன் ஒவ்வொரு வீடாக வந்து ஜெபம் செய்தார். என் வீட்டுக்கும் வந்தார். மனைவி காபி கொடுத்தாள். அவள் உள்ளே போனதும் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"மனுவைக் காட்டினாங்க சார். நல்ல தமிழ். ஒரு தேதி மட்டும் தப்பா இருக்கு. நான் தூண்டில் போட்டதா நீங்க எழுதியிருக்கிற அந்த சனிக்கிழமை, உங்க மாமியாரோட ஆஸ்பத்திரியில இருந்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. பிழை திருத்துகிறவர் போலச் சொன்னார். உண்மைதான். நான் அன்று அலுவலக நண்பர் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தேன். மாமியாருக்கு மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தது, இரவு வரை அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது எல்லாம் ஐயர். மனைவி எனக்குச் சொல்லியும் இருந்தாள். தேதியைத்தான் நான் சேர்த்துப் பார்க்கவில்லை.

மகனின் கல்யாணம் நடந்தது. நாற்பது பவுனும் வந்தது. சம்பந்தி ஒரு மனையை விற்றார் என்று பிறகு தெரிந்தது. மருமகள் இந்த வலைப்பூவைத் தட்டச்சு செய்து தருகிறவள். இந்தப் பத்தியைக் கையால் எழுதி அவளிடம் கொடுத்திருக்கிறேன். ஒரு வார்த்தையும் நீக்காதே என்று சொல்லியிருக்கிறேன்.

நான் எல்லாப் போதகர்களுக்கும் வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். சாகக் கிடப்பவர் வீட்டுக்கு வராமல் தொலைக்காட்சியில் கிரிக்கெட் பார்த்த போதகரும் உண்டு. காணிக்கைக் கணக்கில் கை வைத்தவரும் உண்டு. காசு வைத்துச் சீட்டாடினால் கேட்கத்தான் வேண்டும். மேடையில் மனைவியை மதியுங்கள் என்று சொல்லிவிட்டு, குருமனையில் மனைவியை அதட்டினால் கட்டாயம் கேட்க வேண்டும். மோலியேரின் 'தார்த்யூஃப்' நாடகத்தைப் பாடமாகப் படித்தவன் நான். பக்தி வேடக்காரனைக் கண்டால் எனக்கும் ஆகாது. ஆனால் வேடக்காரன் பொழுதுபோக்கை ஒளித்துத்தான் வைப்பான். பட்டப்பகலில் மைதானத்தில் அரைக்கால் சட்டையோடு நிற்கமாட்டான்.

மனு எழுதுவதற்கு முன் நான்கு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். சபையில் நோயாளி யாராவது பார்க்கப்படாமல் கிடக்கிறாரா? ஞாயிறு பிரசங்கம் தயாரிக்காமல் வருகிறதா? கணக்கு இடிக்கிறதா? குருமனையில் அழுகைச் சத்தம் கேட்கிறதா? நான்குக்கும் இல்லை என்றால், அவர் மாலையில் பூப்பந்து ஆடினாலும் புறா வளர்த்தாலும் நமக்கு வேலை இல்லை.

முடிந்தால் இன்னும் கொஞ்சம் செய்யலாம். வாரத்தில் ஒரு நாள் போதகருக்கு விடுப்பு என்று கமிட்டியில் தீர்மானம் போடுங்கள். அந்த நாளில் சாவு, ஆபத்து தவிர வேறு எதற்கும் குருமனைக் கதவைத் தட்டாதீர்கள். இரவு ஒன்பதுக்கு மேல் வரும் போனைக் கமிட்டிச் செயலாளர் முதலில் எடுக்கட்டும். ஐயரம்மாவும் ஒரு மனுஷி, அவருக்கும் கடற்கரைக்குப் போக ஆசை இருக்கும்.

சந்தோஷமாக ஒரு வீட்டில் வாழ்கிறவன்தான் வீட்டைப் பற்றிப் பிரசங்கம் செய்ய முடியும். அந்த ஐயர் திருமணத்தைப் பற்றிப் பேசியது நமக்குச் சுட்டதே, அது புத்தகத்திலிருந்து வந்த பேச்சு இல்லை. திங்கட்கிழமைகளிலிருந்து வந்த பேச்சு. அந்தத் திங்கட்கிழமையைப் பிடுங்கிக்கொண்டு பிரசங்கத்தை மட்டும் கேட்டால், சர்க்கரை இல்லாத காபி மாதிரி ஒரு சுற்றறிக்கைதான் கிடைக்கும். சுற்றறிக்கை எழுதத் தெரிந்தவன் சொல்கிறேன்.

அந்த மூவரும் வேறு யாரையோ பிடித்து எழுதி முடித்துவிட்டதாகக் கேள்வி. கையெழுத்து வாங்க வீடு வீடாக வருகிறார்கள். என் வீட்டுக்கு வர வேண்டாம். நேற்று மாலை மைதானத்துக்குப் போய் ஷட்டில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போதகர் சுமாராகத்தான் ஆடுகிறார். பையன்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அதில் மூன்று பேரைக் கோயிலில் நான் பார்த்ததே இல்லை. இந்த ஞாயிறு அந்த மூன்று பேரும் வந்திருந்தார்கள், கடைசிப் பெஞ்சில்.

உங்கள் வீட்டுக்கு அந்தத் தாள் வந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் தேதிகளை ஒருமுறை சரிபாருங்கள்.